மற்றவை சரியாக உள்ளன

நான் அமைத்த இசைக்கோவைகளில் ஊர் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான். அதில் ஐம்பத்து மூன்று சுரங்கள். டெல்லியில் மயூர் விஹாருக்குப் பின்னால், யமுனைப் பக்கம் இறங்கும் சரிவில் இருந்த ஒரு சந்தின் கதவுகள் ஐம்பத்து மூன்று. கதவுக்கு ஒரு சுரம். அந்தச் சந்து இப்போது இல்லை. அதை இடித்தது நான் அல்ல. ஆனால் இடித்த பிறகு யாருக்கு மாற்று மனை, யாருக்கு நடுத்தெரு என்று முடிவானதில் என் கையெழுத்து இருக்கிறது. இதைச் சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துச் சொல்லிச் சொல்லி இத்தனை வருடம் என்னை நானே ஏமாற்றிக்கொண்டதுதான் மிச்சம்.

அந்த நாட்களில் நான் ஓர் அரசாங்க அலுவலகத்தில், புள்ளிவிவரப் பிரிவில் உதவியாளர். நாடு முழுவதிலிருந்தும் படிவங்கள் வரும். வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள், எந்த ஊரிலிருந்து வந்தீர்கள், எந்த வருடம் வந்தீர்கள். நாங்கள் அவற்றை அட்டவணையாக்குவோம். சலிப்பான வேலை என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்குச் சலிக்கவில்லை. கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் வளர்ந்த காலத்தில் பத்து வருடம் வயலின் கற்றவள் நான். மேடையேறும் அளவுக்கு விரல் வரவில்லை, காது மட்டும் வந்தது. ஒரு பத்தியில் எண்கள் ஏறி இறங்குவதைப் பார்த்தால் எனக்கு அது மெட்டாகத்தான் கேட்கும்.

எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. அச்சான அட்டவணையில் ஒரு பிழை கண்டால் திருத்தச் சீட்டு எழுத வேண்டும். எந்தப் பக்கம், எந்த வரி, எது பிழை, எது சரி. அதற்குக் கீழே கட்டாயமாக ஒரு வரி: 'மற்றப் பதிவுகள் சரிபார்க்கப்பட்டன, அவை சரியாக உள்ளன.' அந்த வரி இல்லாத சீட்டு மறுநாளே திரும்பி வந்துவிடும். ஒன்றைத் திருத்துகிறவர் மிச்சத்துக்கும் பொறுப்பு என்பது அதன் பொருள். பதினாறு வருடத்தில் எத்தனை சீட்டு எழுதியிருப்பேனோ, யோசிக்காமலே அந்த வரி கைக்கு வந்துவிடும்.

நேரு பிளேஸில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றும், அதோடு இணைக்கிற கீபோர்டு ஒன்றும் வாங்கினேன். மெட்ரோ எங்கள் பக்கம் எட்டிப் பார்க்காத காலம். இரண்டையும் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எண்களைச் சுரமாக மாற்றிப் பார்ப்பேன். "ஆபீஸ்ல சம்பளத்துக்குப் பண்ற வேலைய வீட்ல இலவசமாப் பண்ற ஒரே ஆள் டெல்லியிலேயே நீதான்" என்பார் என் கணவர். அவருக்குக் கோபமில்லை. கதவை மட்டும் சாத்திக்கொள்ளச் சொல்வார்.

கதவு சாத்தியிருந்தாலும் கேட்டது எங்கள் வீட்டில் வேலை செய்தவளுக்கு. அவளுக்குக் கள்ளக்குறிச்சிப் பக்கம். கல்யாணமான கையோடு டெல்லிக்கு வந்தவள். எங்கள் பிளாக்கில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துப் பெருக்கித் துடைப்பாள். ஒருநாள் துடைப்பத்தோடு என் பின்னால் வந்து நின்றாள்.

"இன்னாக்கா இது, மேலயும் கீழயும் போயிகினே இருக்குது?"

ஒரிசாவில் ஒரு மாவட்டத்தின் மொழிக் கணக்கு என்று சொன்னேன். அவள் சிறிது நேரம் கேட்டாள்.

"அவுங்க கணக்கு எதுக்குக்கா ஒங்களுக்கு? எங்க சந்துல வந்து கேளுங்க. அம்புட்டும் தமிழ் ஆளுங்கதான். ஆளுக்கொரு வருசம், ஆளுக்கொரு கத."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அஞ்சலில் வந்த படிவங்களையே பார்த்துப் பழகியவள் நான். நாமே போய்க் கேட்கலாம் என்று ஒருபோதும் தோன்றியதில்லை.

அடுத்த ஞாயிறு அவளோடு போனேன். சாலையை ஒட்டிய முனையில் செங்கல் வீடுகள், உள்ளே போகப் போகத் தகரம், ஆற்றுப் பக்கம் போனால் தார்ப்பாய். முதலில் வந்தவர்கள் மேட்டில், கடைசியில் வந்தவர்கள் பள்ளத்தில். ஒவ்வொரு கதவிலும் சிவப்புப் பெயிண்டில் ஓர் எண் இருந்தது. பெயிண்ட் இன்னும் புதிதாகவே இருந்தது. சில கதவுகளில் வழிந்து காய்ந்திருந்தது.

"இது யாரு போட்டது?" என்று கேட்டேன்.

"போன மாசம் நாலு பேரு வந்து போட்டுட்டுப் போனாங்க. டேப்பு வச்சி அளந்தாங்க. எதுக்குன்னு கேட்டா பதில் இல்ல."

எதற்கென்று எனக்குத் தெரியாதா? அரசாங்கத்தில் இருப்பவளுக்கு, கதவில் சிவப்பு எண் விழுந்தால் அடுத்து என்ன வரும் என்று தெரியாதா? தெரியும். ஒரு வருடத்தைக் கோடாகப் போட்டிருந்தார்கள். அந்த வருடத்துக்கு முன்னால் வந்தவர்களுக்கு நகரத்தின் ஓரத்தில் மாற்று மனை. பின்னால் வந்தவர்களுக்கு ஒன்றும் கிடையாது. செய்தித்தாளில் மூன்றாம் பக்கத்தில் வாரம் ஒருமுறை அது வரத்தான் செய்தது. ஆனால் அன்று அந்த எண்களைப் பார்த்ததும் எனக்கு எழுந்த முதல் எண்ணம், வரிசை தயாராக இருக்கிறது, என் வேலை மிச்சம் என்பதுதான்.

மூன்று கேள்விகள் வைத்திருந்தேன். எந்த வருடம் வந்தீர்கள், வீட்டில் எத்தனை பேர் தமிழ் பேசுகிறீர்கள், எத்தனை பேர் இந்தி மட்டும். வருடம்தான் சுரம்: முதலில் வந்தவர்கள் கீழ் ஸ்தாயி, வருடம் ஏற ஏறச் சுரமும் அரைச் சுரம் அரைச் சுரமாக ஏறும். தமிழ் பேசுகிறவர்களின் எண்ணிக்கை சுரத்தின் நீளம். இந்தி மட்டும் பேசுகிற பிள்ளைகள் எத்தனையோ அத்தனை அட்சரம் மௌனம். சந்தின் முனையில் தொடங்கி ஆறு வரைக்கும் வரிசையாக நடந்தால் ஒரு முழுப் பாட்டு. இப்போது சொல்லும்போதும் அது நல்ல யோசனையாகத்தான் படுகிறது. என்னைப் பயமுறுத்துவதும் அதுதான்.

ஜனங்கள் முதலில் வாயைத் திறக்கவில்லை. 'சர்க்காரா?' என்று ஒரே கேள்வி. என்னை முந்திக்கொண்டு அவளே பதில் சொல்வாள்.

"சர்க்கார் இல்ல. எங்க அக்கா பாட்டுப் போடுறாங்க. கார்டுல இருக்குற வருசத்தச் சொல்லாதீங்க, நெசத்தச் சொல்லுங்க. பாட்டுக்கு எதுக்குப் பொய்யி?"

அவளே முதலில் சொன்னாள். அவள் கதவு நாற்பத்தொன்று. ரேஷன் கார்டில் இருந்த வருடம், அவர்களுக்கு முன்னால் அந்தக் குடிசையில் இருந்தவர்களுடையது. குடிசையோடு கார்டும் கைமாறியது. உண்மையில் அவர்கள் வந்தது அதற்கு ஏழு வருடம் கழித்து, அதாவது கோட்டுக்கு இந்தப் பக்கம். அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். அதன் பிறகு ஒவ்வொரு கதவும் திறந்தது. எந்த அதிகாரியிடமும் சொல்லாத வருடத்தை ஐம்பத்து மூன்று வீட்டாரும் என்னிடம் சொன்னார்கள். மழையில் வந்தோம், மாமியார் செத்த வருடம் வந்தோம், மூத்தவன் வயிற்றில் இருக்கும்போது வந்தோம் என்று அடையாளம் வைத்துச் சொன்னார்கள். நான் கணக்குப் போட்டுச் சரிபார்த்து எழுதிக்கொண்டேன். நானும் ஓர் அரசாங்க ஊழியர்தானா என்று அதன் பிறகு அந்தச் சந்தில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இசைக்கோவை முடிந்ததும் பக்கத்து பிளாக்கில் இருந்த வீணைக்காரர் ஒருவருக்குப் போட்டுக் காட்டினேன். நல்ல ஞானஸ்தர், நாக்கு மட்டும் கொஞ்சம் நீளம். கண்ணை மூடிக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அம்மணி, இது கச்சேரி இல்லை, வழக்கு. ஒண்ணு பண்ணுங்கோ. அங்கங்க அரைச் சுரம் நகர்த்தினேள்னா சுகமா ஒரு ராகத்துல உக்காந்துடும். ஒரு வருஷம் முன்னப் பின்ன இருந்தா யாருக்குத் தெரியப் போறது?"

எனக்கு முகம் சிவந்துவிட்டது. புள்ளிவிவரத்தில் இருப்பவளிடம் எண்ணை நகர்த்தச் சொல்வதா? அவரோடு இரண்டு மாதம் பேசவில்லை. பேசாததோடு நிற்காமல், இந்த இசையை வைத்து நடத்தவிருந்த கண்காட்சிக்காக ஆங்கிலத்தில் அச்சடித்த சிறு புத்தகத்தின் முன்னுரையில் அவருக்குப் பதில் சொல்வதுபோல் ஒரு வரி எழுதினேன்: 'இனிமைக்காக ஒரு வருடத்தைக்கூட நான் நகர்த்தவில்லை.' அச்சில் அது தடித்த எழுத்தில் வந்தது. நான்தான் அப்படிக் கேட்டேன்.

அந்தப் புத்தகத்தின் பின்பக்கத்தில் மொத்த அட்டவணையும் இருந்தது. கதவு எண், வந்த வருடம், தமிழ் பேசுவோர், இந்தி மட்டும் பேசுவோர். பெயர்களை எடுத்துவிட்டேன். ஒருவர் பெயரும் இல்லை. அதைப் பெரிய நேர்மையாக நினைத்துக்கொண்டேன். ஆபத்து பெயரில் இருக்கிறது என்றுதான் எங்களுக்குப் பயிற்சி. கதவில் சிவப்பாக எண் இருக்கும்போது பெயர் யாருக்கு வேண்டும்?

மண்டி ஹவுஸ் பக்கம் ஒரு சிறு கூடத்தில் பத்து நாள் கண்காட்சி. நீளமான வெள்ளைச் சுவர். கதவுக்கு ஒன்றாக ஐம்பத்து மூன்று செப்புக் கம்பிகள், ஒவ்வொன்றிலும் வருடத்தின் உயரத்தில் ஒரு பித்தளை மணி, அடியில் ஒரு சுவிட்ச். அமுக்கினால் அந்த வீட்டின் சுரம் மட்டும் ஒலிக்கும். வந்தவர்கள் குழந்தைகள்போல் நாலைந்து சுவிட்சை அமுக்கிவிட்டு, அச்சா, இன்ட்ரஸ்டிங் என்று சொல்லிவிட்டுத் தேநீர் பக்கம் போனார்கள். சந்திலிருந்து அவள் மட்டும் வந்தாள். நாற்பத்தொன்றை அமுக்கி, "நான்தான்" என்று பக்கத்தில் நின்றவரிடம் தமிழிலேயே சொன்னாள். அன்று நான் சந்தோஷமாக இருந்தேன். பொய் சொல்லமாட்டேன், அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னும் பின்னும் இல்லை.

ஏழாம் நாள் மதியம் ஒருவர் வந்தார். சாம்பல் நிற சஃபாரி சூட், பையில் இரண்டு பேனா, மரியாதையான முகம். தேநீர் வேண்டாம் என்றார். முதல் கம்பியிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு சுவிட்சாக அமுக்கினார். ஒவ்வொன்றுக்கும் நிமிர்ந்து மணியின் உயரத்தைப் பார்த்தார், நோட்டில் எழுதினார், அடுத்ததுக்கு நகர்ந்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நான் ஓரமாக நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை நாளில் என் வேலையை ஒழுங்காகப் படிக்கிற முதல் மனிதர் என்று நினைத்தேன்.

"மேடம்ஜி, இந்த வரிசை சந்தில் இருக்கிற அதே வரிசைதானே?" என்று இந்தியில் கேட்டார்.

"அதேதான்."

"எண்கள் கதவில் எழுதியிருக்கிற எண்களா?"

"ஆமாம். ஒன்றுகூட மாறாது."

முன்னுரையைத் திறந்து அந்தத் தடித்த வரியின் மேல் விரல் வைத்து மெதுவாகப் படித்தார். தலையை ஆட்டினார். இரண்டு பிரதி கேட்டார். கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார். இரண்டிலும் போட்டுத் தந்தேன். தேதியும் போட்டேன்.

அவர் போன பிறகு கூடம் முழுக்க ஏதோ குறைந்துவிட்ட மாதிரி இருந்தது. கடைசியாக அமுக்கிய சுவிட்ச் சிக்கிக்கொண்டு ஐம்பத்து மூன்றாம் வீட்டின் சுரம் நிற்காமல் ஒலித்துக்கொண்டிருந்தது. காவலாளி வந்து மின்சாரத்தை நிறுத்தினார்.

கோடை வெயில் ஏறத் தொடங்கிய மாதத்தில் சந்துக்கு வெளியே ஒரு ஷாமியானாப் பந்தல் போட்டார்கள். ஒரு மேசை, மூன்று நாற்காலி. வீட்டுக்கு ஒருவர் காகிதங்களோடு வரவேண்டும். அவள் மறுநாள் காலை வழக்கத்தைவிட முன்னாடியே வந்தாள். துடைப்பத்தை எடுக்கவில்லை. சமையலறை வாசலில் நின்றாள்.

"அக்கா, ஒங்க பொஸ்தகம் அங்க மேசையில கெடக்குது."

எந்தப் புத்தகம் என்று கேட்டேன், தெரிந்தே கேட்டேன்.

"செப்புக் கம்பி படம் போட்டதுதான். கார்ட நீட்டுனா அந்தாளு கார்டப் பாக்குறான், பொஸ்தகத்தப் பாக்குறான். வருசம் ஒத்துப் போவலன்னா பென்சில்ல ஒரு கேள்விக்குறி போடுறான். எங்களுக்குப் போட்டுட்டான். பதினெட்டு வூட்டுக்குப் போட்ருக்கான். வெள்ளிக்கெழம திரும்ப வரச் சொல்லிட்டான்."

"அது வெறும் பாட்டுப் புத்தகம்னு சொல்லலையா?"

"சொன்னம். எங்க சந்துக்குத் தலைவரு, பிரதானும் அதத்தான் சொல்றாரு. பாட்டுப் பொஸ்தகம் சாட்சியாவாதாம். அத வச்சி அவனால ஒண்ணும் பண்ண முடியாதாம். ஆனா எனக்குப் பயமா இருக்குதுக்கா. நீங்க ஒருக்கா வந்து, வருசமெல்லாம் பாட்டுக்காவ மாத்திப் போட்டதுன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. எல்லாமே மாத்துனதுன்னு. அது போதும்."

சரி என்றேன். அன்று போகவில்லை. மறுநாளும் போகவில்லை.

என் கணவரிடம் சொன்னேன். அவர் சாப்பாட்டைப் பாதியில் நிறுத்தினார்.

"கவர்மெண்ட்ல புள்ளிவிவரம் பாக்கற ஆளு நீ. நான் வெளியிட்ட டேட்டா பூரா பொய்னு எழுதிக் குடுத்தா ஆபீஸ்ல என்ன கேப்பாங்க தெரியுமா? இதுவரைக்கும் போட்ட அட்டவணை எல்லாத்தையும் தோண்டுவாங்க."

அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் உண்மையைச் சொன்னால், வேலை போய்விடும் என்ற பயத்தைவிட வேறொன்றுதான் என்னைத் தடுத்தது. 'இனிமைக்காக ஒரு வருடத்தைக்கூட நான் நகர்த்தவில்லை' என்று எழுதியவள், எல்லாவற்றையும் நகர்த்தினேன் என்று ஒரு சஃபாரி சூட்டின் முன்னால் எப்படிச் சொல்வது? வீணைக்காரருக்குத் தெரிந்தால் சிரிப்பாரே என்றுகூட நினைத்தேன். பதினெட்டு குடும்பம் தெருவில் நிற்கப் போகிற வாரத்தில் என் மனதில் ஓடியது இது. எழுதவே கூசுகிறது.

வியாழக்கிழமை அலுவலகத்தில் ஒரு வழி கண்டுபிடித்தேன். எல்லாம் பிழை என்றால் யாரும் நம்பமாட்டார்கள். ஒன்று பிழை என்றால் நம்புவார்கள். ஒன்றையாவது காப்பாற்றலாம். அந்த ஒன்று நாற்பத்தொன்று. மதிய இடைவேளையில் தட்டச்சில் உட்கார்ந்து கடிதம் அடித்தேன். இந்தப் பக்கம், இந்த வரி, கதவு எண் நாற்பத்தொன்று. அச்சான வருடம் பிழை. சரியான வருடம் இது என்று கார்டில் இருந்த வருடத்தைப் போட்டேன். மனம் லேசானது. உறையில் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். திரும்பப் படித்துப் பார்க்கவில்லை. திருத்தச் சீட்டை யார் திரும்பப் படிப்பார்கள்?

வெள்ளிக்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுப் போனேன். ஷாமியானாவின் கீழே சந்தே நின்றிருந்தது. என்னைப் பார்த்ததும் வழிவிட்டார்கள். என்னிடம் மாமியார் செத்த வருடத்தைச் சொன்ன பெண் என் கையைத் தொட்டு, "நல்லபடியாச் சொல்லுங்கம்மா" என்றாள். ஒருவர் எனக்காக நாற்காலி கேட்டு வாங்கிப் போட்டார். எங்கள் வீட்டில் வேலை செய்தவள் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள், அக்கா வந்து எல்லாம் மாற்றியது என்று சொல்லப் போகிறார்கள் என்று.

அதே சஃபாரி சூட்தான். எழுந்து நின்று வணங்கினார். உறையை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் படித்தார். முடிக்கும் இடத்தில் நிறுத்தி மறுபடி படித்தார். பிறகு பக்கத்திலிருந்த குமாஸ்தாவிடம் கொடுத்து முத்திரை போடச் சொன்னார். 'பெறப்பட்டது' என்ற முத்திரை விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது.

"நாற்பத்தொன்று சரி. அவர்களுக்கு மனை உண்டு" என்றார். "மேடம்ஜி, உங்களுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். இந்தப் புத்தகத்தை வைத்து எப்படி முடிவெடுப்பது என்று மேலே கேட்டிருந்தேன். கலைப் புத்தகத்தை ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கேள்விக்குறிகளை எல்லாம் இன்று அழிப்பதாகத்தான் இருந்தேன். இப்போது பிரச்சினை இல்லை. நீங்களே சரிபார்த்து எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள்."

கடிதத்தைத் திருப்பி எனக்குக் காட்டினார். என் கையெழுத்துக்கு மேலே, நான் அடித்ததாக நினைவே இல்லாத இடத்தில், அந்த வரி இருந்தது. மற்றப் பதிவுகள் சரிபார்க்கப்பட்டன, அவை சரியாக உள்ளன.

அதை எடுத்துவிடுங்கள், அது வெறும் பழக்கத்தில் வந்தது என்றேன்.

"முத்திரை விழுந்துவிட்டதே" என்றார். அவர் குரலில் துளி வன்மம் இல்லை. என் பிரிவில் நான் எத்தனையோ பேரிடம் இதே குரலில் இதையே சொல்லியிருக்கிறேன்.

குமாஸ்தா எண்களைக் கூப்பிட ஆரம்பித்தார். ஏக், தோ, தீன். வரிசை என் வரிசை. அவர் ஓர் எண்ணைக் கூப்பிடுவதற்குள் அடுத்த வீட்டின் சுரம் என் காதில் வந்து நின்றது. முப்பது வரை கீழ் ஸ்தாயி, பயமில்லை. ஒவ்வொருவராகச் சீட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். முப்பத்திரண்டில் ஏறும் என்று எனக்குத் தெரியும். ஏறியது. கார்டை நீட்டியவரிடம் அதிகாரி புத்தகத்தையும் என் கடிதத்தையும் காட்டி இரண்டு வாக்கியம் பேசினார். அந்த மனிதர் திரும்பி என்னைப் பார்த்தார். எனக்கு நாற்காலி போட்டவர் அவர்தான். முப்பத்து நான்கு, முப்பத்தைந்து, முப்பத்தெட்டு. யாருக்கு இல்லை என்று அவர்களைவிட எனக்கு முன்னாடியே தெரிந்தது. நாற்பத்தொன்றில் மட்டும் அவள் போய்ச் சீட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். அதற்கப்புறம் ஐம்பத்து மூன்று வரைக்கும் நான் நிற்கவில்லை. நடந்தேன். ஆட்டோ கூப்பிடக்கூடத் தோன்றவில்லை.

பத்து நாள் கழித்து, காலையில் காப்பி போட்டுக்கொண்டிருக்கும்போது சரிவுப் பக்கமிருந்து இயந்திரங்களின் சத்தம் கேட்டது. மதியத்துக்குள் நின்றுவிட்டது. எங்கள் பால்கனியிலிருந்து புழுதி மட்டும் தெரிந்தது. அன்று அலுவலகம் போய் மூன்று திருத்தச் சீட்டு எழுதினேன்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் அவள் வந்தாள். இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். எங்கள் வீட்டில் விட்டுப்போன டிபன் டப்பாவை எடுத்துக்கொள்ள வந்ததாகச் சொன்னாள். மெலிந்திருந்தாள். மனை எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"இருக்குதுக்கா. நாலு கழி நட்டு மேல ஷீட்டு போட்ருக்கம். தண்ணி தூரம். பக்கத்துல நம்ம சந்து ஆளுங்கதான். ஒருத்தரும் பேசறதில்ல."

"ஏன்?"

"நான்தான் நெசத்தச் சொல்லுங்கன்னு வூடு வூடாச் சொன்னன். கடைசியில கேள்விக்குறி போட்ட பதினெட்டுல எங்க வூடு மட்டும் தப்பிச்சிது. மத்தவங்கள நான் வித்துட்டன்றாங்க. அவுங்க மேல தப்பு சொல்ல முடியுமா?" சிறிது நேரம் டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். "நான் எல்லாத்தையும்தானக்கா மாத்துனதுன்னு சொல்லச் சொன்னன். எங்க வூட்ட மட்டும் யாரு கேட்டா?"

மன்னித்துக்கொள் என்று சொன்னேன்.

போகும் முன் அந்தப் பாட்டைப் போடச் சொன்னாள். குறுந்தட்டைப் போட்டேன். நின்றபடியே கேட்டாள். ஒவ்வொரு சுரத்துக்கும் விரலை மடக்கினாள். முப்பதைத் தாண்டியதும் வாய்க்குள் சொல்ல ஆரம்பித்தாள்: இது தையல் மிஷின் வூடு, இது மூணு பொட்டப்புள்ள வூடு, இது கெழவன் வூடு, ரயில் டேசன்ல படுத்துருக்குறாங்க, இவுங்க எங்கன்னே தெரியல. நாற்பத்தொன்று வந்தது. மேல் ஸ்தாயியில், நீளமாக, பின்னால் இரண்டு அட்சரம் மௌனத்தோடு. அதை நான் மாற்றவில்லை. மாற்ற வேண்டும் என்று தோன்றவும் இல்லை. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"எங்க வூடு இதுல இன்னும் மேலதான் இருக்குது."

"ஆமா."

"யாராச்சும் கேட்டுட்டு வந்தா?"

பாட்டு முடியும்வரை காத்திருந்தாள். முடிந்ததும் டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"அழிச்சிருங்கக்கா. மொத்தத்தையும் அழிச்சிருங்க."

சரி என்றேன். அவள் படியிறங்கிப் போவதை மேலிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு அவளை நான் பார்க்கவில்லை.

குறுந்தட்டு என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. போன மாதம் எடுத்துப் போட்டுப் பார்த்தேன். ஐம்பத்து மூன்று சுரங்களும் சரியாக உள்ளன.